திம்னா பூங்காவின் ஆசரிப்புக் கூடார மாதிரி: பழைய உடன்படிக்கைக்குள் நடந்துபோய்ப் பார்க்க ஓர் இடம்

எகிப்தில் சீனாய் மலையைப் பார்த்துவிட்டு தாபா எல்லை வழியாக இஸ்ரவேலுக்குள் நுழையும் பரிசுத்த பூமிக் குழுக்கள் ஏலாத்திலிருந்து 90-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போகும். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போனதும் இடதுபக்கம் திம்னா பூங்காவுக்கு ஒரு சாலை பிரியும். பல குழுக்களின் பயணத்திட்டத்தில் அந்தத் திருப்பம் இருப்பதில்லை. பேருந்து நேரே சவக்கடலுக்கு ஓடிவிடும். வேதாகமத்தை ஊன்றிப் படிக்கிற குழு என்றால், வேறு ஏதாவது ஒரு கடை நிறுத்தத்தை விட்டுக்கொடுத்தாவது இங்கே இறங்க வேண்டும்.

எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதித்த, யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்திலிருந்து சொல்லப்படும் ஆசரிப்புக் கூடாரத்தை இங்கே முழு அளவில் நிறுத்தியிருக்கிறார்கள். பிராகாரம், பலிபீடம், தொட்டி, கூடாரம், உள்ளே மேசை, குத்துவிளக்கு, தூபபீடம், உடன்படிக்கைப் பெட்டி எல்லாம் உண்டு, வசனம் அளவு சொல்லும் இடங்களில் அந்த முழக்கணக்குப்படியே. சுற்றிலும் மெய்யான வனாந்தரம். புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் 8 முதல் 10 வரை புதிய உடன்படிக்கையைப் பற்றிச் சொல்லும் வாதம் முழுவதும் இந்தக் கூடாரத்தின் தரையமைப்பின்மேல் கட்டப்பட்டது. முதல் அறை, இரண்டாம் அறை, நடுவே திரை, யார் எங்கே எத்தனை தரம் போகலாம் என்ற கணக்கு, இவ்வளவுதான் அந்த நிருபத்தின் அஸ்திபாரம். அந்தத் தரையில் கால் வைத்து நடந்தவருக்கு 9-ஆம் அதிகாரம் வேறு விதமாக வாசிக்கக் கிடைக்கும். இந்த மாதிரியின் பயன் அதுதான், அந்த அளவில் இது மிக நல்ல பயன்.

முதலில் அளவுகள். ஒரு முழம் சுமார் 45 சென்டிமீட்டர் என்று கொண்டால், பிராகாரம் 45 மீட்டர் நீளம், 22.5 மீட்டர் அகலம். சுற்றுத் தொங்குதிரையின் உயரம் 5 முழம், அதாவது 2.25 மீட்டர். ஞாயிறு பள்ளிப் படங்களில் எல்லாம் மேலிருந்து பார்க்கிற மாதிரியே வரைந்திருப்பதால், இந்த எண் நமக்கு எதையும் சொல்வதில்லை. திரைக்கு வெளியே தரையில் நின்றால்தான் தெரியும், எவ்வளவு உயரமானவரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. கூடாரம் 10 முழ உயரம் என்பதால் அதன் மேல்பாதி மட்டும் திரைக்கு மேலே தெரியும். அதுவும் மங்கிய தோல்தான். பொன்னும் இரத்தாம்பரம் என்ற ஊதாத் துணியும் கேருபீன்கள் என்ற செட்டையுள்ள உருவங்களும் உள்ளே இருக்கிறவர்களுக்கு மட்டுமே. ஒரு சாதாரண இஸ்ரவேலனின் கண்ணுக்குக் கிடைத்தது வெள்ளைத் துணி, தோல் கூரை, பலிபீடத்துப் புகை. கிழக்கே 20 முழ அகலத்தில் ஒரே ஒரு வாசல்.

வாசலைக் கடந்தால் தகனபலிபீடம், 5 முழச் சதுரம், 3 முழ உயரம். பலி கொண்டுவந்தவன் மிருகத்தின் தலைமேல் கை வைப்பதும் அதை அடிப்பதும் இந்த முன்பகுதியில்தான். அவனுடைய எல்லை இங்கே முடிந்துவிடும். அதற்கப்பால் ஆசாரியர் மட்டும். கூடாரத்தின் முதல் அறை 20 முழ நீளம், 10 முழ அகலம். காலையும் மாலையும் தூபம், விளக்கு, ஓய்வுநாள்தோறும் 12 சமுகத்தப்பங்கள். இரண்டாம் அறை 10 முழம் நீளம், அகலம், உயரம் மூன்றிலும், சுமார் நாலரை மீட்டர் கனசதுரம். அதற்குள் பிரதான ஆசாரியர் ஒருவர் மட்டும், வருஷத்தில் பாவநிவிர்த்தி நாள் என்ற ஒரு நாள் மட்டும். வாசலிலிருந்து பெட்டிவரை உள்ள தூரம் முழுவதும் அந்த 45 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. நடந்தால் ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிட நடையில் எத்தனை தடைகள் என்று எண்ணிப் பாருங்கள். "பரிசுத்த ஸ்தலத்திற்குப் போகிற மார்க்கம்" இன்னும் வெளிப்படவில்லை என்று எபிரெயர் 9:8 சொல்வது இந்தத் தடைகளைத்தான்.

வழிகாட்டியோடு உள்ளே போகும்போது சட்டென்று தவறிவிடுகிற ஒன்று, கூடாரத்தின் சுவராக நிற்கும் பலகைகளின் அடிப்பாகம். ஒவ்வொரு பலகையும் 10 முழ உயரம், ஒன்றரை முழ அகலம். தெற்கே 20, வடக்கே 20, மேற்கே 6, மூலைகளுக்கு 2, ஆக 48. பலகைக்கு இரண்டு வெள்ளிப் பாதங்கள், அது 96. திரையின் நான்கு தூண்களுக்கு 4. மொத்தம் 100. ஒரு பாதத்துக்கு ஒரு தாலந்து வெள்ளி, சுமார் 34 கிலோ. இந்த 100 தாலந்தும் எங்கிருந்து வந்தது என்று யாத்திராகமம் 38:25-27 கணக்குக் காட்டுகிறது. எண்ணப்பட்ட 6,03,550 பேர் தலைக்கு அரைச் சேக்கல் (சேக்கல் அக்காலத்து எடை அளவு) வெள்ளி கொடுத்தார்கள். ஒரு தாலந்து 3,000 சேக்கல் என்று வகுத்துப் பார்த்தால் 100 தாலந்தும் 1,775 சேக்கலும் சரியாக வரும். அந்த அரைச் சேக்கலுக்கு 30-ஆம் அதிகாரம் தரும் பெயர் பாவநிவிர்த்திப் பணம். பணக்காரன் கூடக் கொடுக்கக் கூடாது, ஏழை குறைத்துக் கொடுக்கக் கூடாது. முழுக் கூடாரமும் மீட்பின் பணத்தின்மேல் நிற்கிறது. உடன்படிக்கையைப் பற்றி இங்கே கற்றுக்கொள்ளக்கூடியவற்றில் இதை முதல் வரிசையில் வைப்பேன். ஆனால் கண்கள் பெட்டியின் கேருபீன்களைத் தேடிப் போய்விடுவதால் தரையை யாரும் பார்ப்பதில்லை.

இனி, மாதிரியின் குறைகள். மூலப்பொருள்கள் அசல் அல்ல. பொன், வெள்ளி, வெண்கலம் எதுவும் மெய்யானதில்லை, அந்த நிறமும் தோற்றமும் மட்டும்தான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, குத்துவிளக்குக்கு மட்டும் ஒரு தாலந்து பசும்பொன் வேண்டும். ஆனால் வேதாகமத்தில் உலோகமே ஒரு பாடம். வெளியே வெண்கலம், பலகையின் அடியில் வெள்ளி, உள்ளே பொன் என்று பரிசுத்தம் கூடக்கூட உலோகத்தின் மதிப்பும் ஏறும். வர்ணம் பூசிய பரப்பில் அந்த ஏற்றம் பாதிதான் தெரியும். அதை மனதில் நிரப்பிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

வசனம் அளவு சொல்லாத இடங்களில் செய்தவர்கள் ஊகித்திருக்கிறார்கள், வேறு வழியும் இல்லை. வெண்கலத் தொட்டிக்கு நீள அகலம் கிடையாது. ஸ்திரீகளின் தர்ப்பணங்களால், அதாவது முகம் பார்க்கும் கண்ணாடிகளால், செய்யப்பட்டது என்பது மட்டும் 38:8-இல் உண்டு. குத்துவிளக்குக்கு எடை உண்டு, உயரம் இல்லை. பலகையின் கனம் இல்லை, அதனால் மேற்கு மூலைகள் எப்படிப் பொருந்தின என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. கேருபீன்கள் செட்டைகளை விரித்து, முகம் பெட்டியின் மூடியான கிருபாசனத்தை நோக்கி இருந்தன என்பதைத் தவிர உருவ வர்ணனை கிடையாது. வெளிமூடியான தகசுத்தோல் எந்தப் பிராணியின் தோல் என்பதும் தீர்ந்த விஷயம் அல்ல. ஆகவே இங்கே பார்க்கும் தொட்டியின் வடிவத்தையும் கேருபீனின் முகத்தையும் வைத்துப் பிரசங்கம் தயாரிக்காதீர்கள். பெட்டி (இரண்டரை, ஒன்றரை, ஒன்றரை முழம்), மேசை (2, 1, ஒன்றரை முழம்), தூபபீடம் (1, 1, 2 முழம்) ஆகியவற்றின் அளவை நம்பிக் குறித்துக்கொள்ளலாம்.

மேல்மூடிகளில் ஒரு கணக்கு இருக்கிறது, நேரில் பார்க்கையில் அழகாக விளங்கும். உள்ளே வரும் சித்திரத்திரை 28 முழ நீளம். ஒரு பக்கச் சுவர் 10, கூரை 10, மறுபக்கம் 10, ஆக 30 முழம் வேண்டும். எனவே அந்த விலையுயர்ந்த துணி இருபக்கமும் தரைக்கு ஒரு முழம் மேலேயே நின்றுவிடும். அதன்மேல் வரும் ஆட்டுமயிர்த் திரை 30 முழம், அது தரையைத் தொட்டு மற்றதை மூடிக் காக்கும்.

பிரதான ஆசாரியரின் உருவப் பொம்மை ஏபோத்து என்ற மேலாடை, 12 கல் பதித்த மார்ப்பதக்கம் உட்பட முழு அலங்காரத்தில் நிற்கிறது. படம் எடுக்க எல்லோரும் நெருக்குகிற இடம் அதுதான். பாவநிவிர்த்தி நாளில் அவர் திரைக்குள் போனது இந்த உடையில் அல்ல என்பதை அங்கேயே நினைவில் வையுங்கள். லேவியராகமம் 16:4 படி அன்றைக்கு வெறும் சணல்நூல் அங்கி, இடைக்கச்சை, பாகை. மகிமையின் உடையைக் கழற்றிவிட்டுத்தான் அவர் கிருபாசனத்தின் முன் போக வேண்டும். அந்த நாளின் வரிசையை மாதிரிக்குள் நின்று தொடர்வது நல்ல பயிற்சி. முதலில் தனக்கும் தன் வீட்டாருக்கும் ஒரு காளை. பிறகு தூபகலசத்தில் தணல் எடுத்துத் திரைக்குள் போய், புகைமேகம் கிருபாசனத்தை மூடும்படி தூபவர்க்கம் போடுவது. காளையின் இரத்தத்தைக் கிருபாசனத்தின்மேலும், அதற்கு முன்பாக ஏழு தரமும் தெளிப்பது. வெளியே வந்து ஜனத்துக்காக ஒரு ஆட்டுக்கடாவைக் கொன்று மறுபடியும் உள்ளே. அதன்பின் போக்காடு, அதன் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்து அக்கிரமங்களை அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு அனுப்புவது. பிராகாரத்தை விட்டு வெளியே வந்து திம்னாவின் வெறும் மலைகளைப் பார்க்கும்போது, அந்த ஆடு எங்கே அனுப்பப்பட்டது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அடுத்த வருஷம் இதே காளை, இதே ஆடு, இதே வரிசை மறுபடியும். "வருஷந்தோறும்" என்ற சொல்லை எபிரெயர் 10 ஏன் அவ்வளவு பாரமாகச் சொல்கிறது என்பது இங்கே பிடிபடும்.

உள்ளே உள்ள சாமான்களை ஒரு தரம் எண்ணுங்கள். மேசை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, பீடம் இருக்கிறது. ஆசாரியர் உட்கார ஓர் ஆசனம் இல்லை. யாத்திராகமத்தின் பட்டியலிலும் இல்லை. எந்த ஆசாரியனும் நாள்தோறும் நின்று அதே பலிகளைச் செலுத்தி வந்தான், கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தார் என்ற எபிரெயர் 10:11-12 இந்த வெற்றிடத்திலிருந்து பேசுகிறது.

கவனமாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு முரண்பாடு இங்கே கண்ணில் படும். மாதிரியில் தூபபீடம் திரைக்கு வெளியே இருக்கிறது, யாத்திராகமம் 30:6 சொன்னபடி. எபிரெயர் 9:4 பொன் தூபகலசத்தை மகா பரிசுத்த ஸ்தலத்தோடு சேர்த்துச் சொல்கிறது. இதைப் பீடம் என்று எடுப்பவர்களும் உண்டு, பாவநிவிர்த்தி நாளில் உள்ளே கொண்டுபோகும் கலசம் என்று எடுப்பவர்களும் உண்டு. பீடம் என்றே கொண்டாலும் அதன் ஊழியம் திரைக்குள் இருக்கும் பெட்டிக்கானது என்பதால், நிருபம் அதை உள்ளறையோடு சேர்ப்பது பொருந்துகிறது. மாதிரி செய்தவர்கள் பீடத்தை யாத்திராகமத்தின்படி வைத்தது சரியான முடிவு.

பெட்டிக்குள் பத்துக் கட்டளைகள் எழுதிய இரண்டு கற்பலகைகள் ஏன் என்ற கேள்விக்கு இங்கே நேரம் ஒதுக்குங்கள். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் ஏத்திய (இன்றைய துருக்கிப் பகுதி) ராஜா சுப்பிலுலியுமாவும் மித்தன்னி ராஜ்யத்தின் சத்திவாசாவும் செய்த ஒப்பந்தத்தில், அதன் பிரதிகள் இரு நாட்டுத் தெய்வங்களின் சந்நிதியிலும் வைக்கப்படவேண்டும், குறித்த காலங்களில் வாசிக்கப்படவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. உபாகமம் 31-இலும் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை வாசிப்பு கட்டளையாகிறது. அக்காலத்து மனிதன் காதுக்கு, பெட்டிக்குள் பலகை என்றால் கையெழுத்தான ஒப்பந்தம் தேவசந்நிதியில் இருக்கிறது என்று அர்த்தம். அதன் மூடிதான் கிருபாசனம். மீறப்பட்ட ஒப்பந்தத்தின்மேல் இரத்தம் தெளிக்கப்படுகிறது.

மீறப்பட்ட ஒப்பந்தம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு, கூடாரத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதியும் அதுதான். யாத்திராகமம் 24-இல் மோசே பலிபீடமும் 12 தூண்களும் நிறுத்துகிறார். காளைகளின் இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின்மேல் தெளிக்கிறார், உடன்படிக்கைப் புஸ்தகத்தை வாசிக்கிறார், ஜனங்கள் கீழ்ப்படிவோம் என்கிறார்கள், மீதிப் பாதி அவர்கள்மேல் தெளிக்கப்படுகிறது. 25-இலிருந்து கூடாரத்தின் கட்டளை. 32-இல் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியை வணங்குகிறார்கள், கற்பலகைகள் உடைகின்றன. 34-இல் புதுப் பலகைகள். வேலை தொடங்குவது 35-இல்தான். ஆக, நாம் சுற்றிப் பார்க்கும் கூடாரம் உடன்படிக்கை ஒருமுறை உடைந்த பிறகு, மன்னிப்புக்குப் பிறகு கட்டப்பட்டது. எரேமியா 31:31-34 புதிய உடன்படிக்கையை வாக்களிக்கும்போது குறை சொல்வது கூடாரத்தின் அமைப்பை அல்ல, என் உடன்படிக்கையை மீறினார்கள் என்பதைத்தான். எபிரெயர் 8 அந்த நான்கு வசனங்களையும் முழுமையாக எடுத்தாள்கிறது. புதிய ஏற்பாட்டில் பழைய ஏற்பாட்டு மேற்கோள்களில் மிக நீளமானது அதுவே. நியாயப்பிரமாணம் கல்லிலிருந்து இருதயத்துக்குப் போகும், சிறியவன் முதல் பெரியவன்வரை எல்லாரும் கர்த்தரை அறிவார்கள், பாவம் இனி நினைக்கப்படாது. சிறியவன் திரைக்கு வெளியே நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு அந்த வரியை வாசியுங்கள்.

இப்படிப்பட்ட இடங்களில் விளக்கம் சொல்பவர்கள் பொதுவாகச் செய்யும் ஒரு தவறு இருக்கிறது, நம் சபைகளின் கூடாரப் பாடங்களிலும் அதே தவறு. ஒவ்வொரு நிறத்துக்கும், ஒவ்வொரு முளைக்கும், ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு அர்த்தம் ஒட்டுவது. இளநீலம் பரலோகம், சிவப்பு இரத்தம் என்று தொடங்கினால் முடிவே இல்லை. எபிரெயர் நிருபக்காரர் கேருபீன்வரை பட்டியலிட்டுவிட்டு, இவைகளை விவரமாய் இப்பொழுது சொல்லவேண்டியதில்லை என்று 9:5-இல் நிறுத்திக்கொள்கிறார். அவர் எடுப்பது சிலவற்றை மட்டும்: இரு அறைகள், திரை, வருஷத்துக்கு ஒரு பிரவேசம், இரத்தம், நின்றுகொண்டிருக்கும் ஆசாரியன். அந்தச் சிலவற்றில் நேரத்தைச் செலவழிக்கும் குழு நிறைவோடு திரும்பும். முளைகளில் தொடங்கிய குழுவுக்குத் திரையின் முன் நிற்கும்போது நேரம் முடிந்திருக்கும். புதிய உடன்படிக்கை இஸ்ரவேல், யூதா வீட்டாரோடு என்று எரேமியாவில் இருப்பதால், சபைக்கும் இஸ்ரவேலுக்கும் உள்ள உறவைப் பற்றிய விவாதமும் குழுவில் எழும். அதைப் பேருந்துக்கு ஒத்திவையுங்கள். யூத வழிகாட்டி இருந்தால் அவருக்கு இது பழைய உடன்படிக்கை அல்ல, உடன்படிக்கை. அந்த மரியாதை நம் பேச்சில் இருக்க வேண்டும்.

பூங்காவில் இன்னும் இரண்டு காரியங்கள் கூடாரத்தோடு சேர்த்துப் பார்க்கத் தக்கவை. சாலொமோன் தூண்கள் எனப்படும் செம்பாறைகளின் அடியில் எகிப்தியரின் ஆத்தோர் என்ற பெண்தெய்வத்தின் கோயில் அடிச்சுவடு இருக்கிறது. பெனோ ரோத்தன்பெர்க் 1969-இல் கண்டெடுத்தது. எகிப்தியர் போனபின் கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தை மீதியானியர் கூடாரக் கோயிலாக மாற்றியிருக்கிறார்கள் என்பதற்குச் சிவப்பு, மஞ்சள் துணி எச்சங்களும் கம்பம் நட்ட குழிகளும் சாட்சி. தலையில் பொன் பூசிய சிறு செம்புச் சர்ப்பம் ஒன்றும் அங்கே கிடைத்தது. மோசே வனாந்தரத்தில் கம்பத்தில் உயர்த்திய வெண்கலச் சர்ப்பம் இதுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்தக் காலத்தில் இந்த வனாந்தரத்தில் துணிக் கூடாரத்தில் வழிபாடு நடந்தது என்பதற்கு இது நேரடிச் சான்று. இரண்டாவது, தெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் அகழாய்வில் கிடைத்த, 2021-இல் வெளியிடப்பட்ட, ஏறக்குறைய கி.மு. 1000-ஐச் சேர்ந்த துணித்துண்டுகள். கடல் நத்தையிலிருந்து எடுத்த மெய்யான இரத்தாம்பரச் சாயம் ஏறியவை. மாதிரியின் திரையில் உள்ள இரத்தாம்பரம் இன்றைய சாயம். இந்த மண்ணுக்குள் மூவாயிரம் வருஷம் கெடாமல் கிடந்த நிறமோ அசல்.

போகிறவர்களுக்கு நடைமுறை. பூங்கா மிகப் பெரியது, இடத்துக்கு இடம் வண்டியில்தான் போக வேண்டும். கூடாரத்துக்குள் வழிகாட்டியோடு போவதுதான் முறை. எந்த மொழியில், எந்த நேரத்தில் என்பதைச் சீட்டு வாங்குமுன் கேட்டுவிடுங்கள், குழுவாக வந்தால் முன்பே பதிவு செய்யுங்கள். தமிழில் விளக்கம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காமல், குழுவின் போதகர் முன்கூட்டித் தயாராக வருவது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர்வரை வெயில் 40 பாகையைத் தாண்டும். பெரியவர்களை அந்த மாதங்களில் அழைத்துவராதீர்கள். நவம்பர் முதல் மார்ச்வரை நல்லது. தொப்பியும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் வேண்டும். பயணத்துக்குமுன் எல்லைக் கடப்பு நிலவரத்தைப் பயண முகவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

திட்டம் போடுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. எகிப்து, தாபா, திம்னா, எருசலேம் என்ற வரிசையில் வந்தால் யாத்திராகமம் 24, பிறகு கூடாரம், பிறகு இயேசு கடைசி இராப்போஜனம் பண்ணிய மேல்வீட்டறை என்று உடன்படிக்கைகள் தம் வரிசையிலேயே வரும். ஜோர்தான் வழியாக நுழைந்து தாபாவில் வெளியேறும் குழுக்களுக்கு இந்த வரிசை தலைகீழாகும். அப்படியானால் முதல் நாளிலேயே பேருந்தில் யாத்திராகமம் 24-ஐயும் லேவியராகமம் 16-ஐயும் வாசித்துவிடுங்கள், திம்னாவை விடைபெறும் நாளுக்கு வையுங்கள், எபிரெயர் 10:19-22-ஐ அங்கே திரையின் முன் வாசியுங்கள். நேர்வரிசையில் வருகிறவர்கள் அந்த நான்கு வசனங்களை எருசலேமுக்கு வைத்துக்கொள்ளலாம். இயேசுவின் கல்லறை என்று சிலர் கருதும் அங்குள்ள தோட்டக் கல்லறையில் குழுக்கள் திருவிருந்து எடுக்க ஏற்பாடு உண்டு, முன்பதிவு அவசியம்.